தீயைச் சுற்றிப் பாடும் பாட்டுகள் எங்கிருந்து வந்தன? – வாசகர் கேள்வி-பதில்

பள்ளி முகாம்களும் சர்ச் இளைஞர் முகாம்களும் நடக்கும் பருவம் இது. வடசென்னை வாசகர்கள் பலர் கேம்ப் ஃபயர் பாட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எங்கள் இசைப் பகுதிக் குழு இங்கே பதில் தருகிறது.

கே: பள்ளியில் சாரணர் பிரிவை நடத்துகிறேன். கேம்ப் ஃபயரில் பாடும் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இவையெல்லாம் முகாமுக்கென்றே எழுதப்பட்டவையா?
– ஆசிரியர், ராயபுரம்

ப: மிகச் சிலவே அப்படி எழுதப்பட்டவை. உங்கள் நோட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி வேறு ஏதோ வேலைக்காகப் பிறந்து, பிறகு தீயருகே வந்து சேர்ந்தவை. துடுப்பு போடப் பாடியது, சுருட்டுத் தொழிற்சாலை வாசலில் வேலைநிறுத்தத்தின்போது பாடியது, படைவீரர்கள் நடக்கும்போது பாடியது, காட்டுக்குள் கூடி ஜெபித்தவர்கள் பாடியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இவற்றுள் முக்கியமான ஊற்று அமெரிக்காவின் ‘கேம்ப் மீட்டிங்’. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வண்டிகளிலும் கூடாரங்களிலும் தங்கிப் பல நாள் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். அதன் பிறகு இத்தகைய கூட்டங்கள் எங்கும் பரவின. வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகமும் போதாது. அதனால் பாட்டின் அமைப்பே மாறியது. தெரிந்த கீர்த்தனையின் வரிகளைச் சின்னதாக்கி, நடுவில் எல்லோரும் சேரும் பல்லவியைச் செருகினார்கள். ஒருவர் வரியைச் சொல்ல, கூட்டம் பதில் சொன்னது. ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் ஒரே ஒரு சொல்தான் மாறும். புத்தகம் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், இருட்டில் நூறு பேர் பாட வேண்டுமானால் பாட்டு இப்படித்தான் இருந்தாக வேண்டும். இன்று நீங்கள் பாடும் முகாம் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு இதுதான். ‘ஷி வில் பி கம்மிங் ரவுண்ட் த மவுண்டன்’ (மலையைச் சுற்றி அவள் வருவாள்) என்ற பாட்டும் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல் ஒன்றிலிருந்து வந்ததே. அந்த மூலப் பாட்டில் வருவது அவள் அல்ல, ரதம்.

சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலும் இதே அமைப்பைத்தான் எடுத்தார். 1907-ல் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமில் ஜூலு மக்களின் முழக்கம் ஒன்றைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து, அடுத்த ஆண்டு வந்த தம் கையேட்டிலும் அச்சிட்டார். தலைவர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. நம் ஊரில், இந்தியப் பிள்ளைகளைச் சாரணர் படையில் சேர்க்காத காலத்தில், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டி இந்தியப் பாட்டுகளையே பாடினார்கள். 1921-ல் பேடன் பவல் இங்கே வந்தபோது அந்தச் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. ஆகவே உங்கள் நோட்டில் தமிழ்ப் பாட்டு இருப்பது புதுமை ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால்தான் குறை.

கே: ‘கும்பயா’ ஆப்பிரிக்காவில், அங்கோலா நாட்டில் பிறந்த பாட்டு என்று எங்கள் யூத் லீடர் அண்ணன் சொல்கிறார். சரியா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

ப: பரவலான கதை. ஆனால் சான்றுகள் வேறு இடத்தைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், ஜார்ஜியா, தென் கரோலினா மாநிலங்களின் தீவுகளிலும் கரையோரத்திலும் வாழும் கல்லா (Gullah) என்ற கறுப்பின மக்களின் பாட்டு அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1926-ல் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்ற சேகரிப்பாளர் ஜார்ஜியாவின் டேரியன் ஊர்ப் பக்கம், எச். வைலி என்பவர் பாடியதை மெழுகு உருளையில் பதிவு செய்தார். ‘ஆண்டவரே, இங்கே வாரும்’ என்று கூப்பிடும் வேண்டுதல் அது. அந்த உருளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1930களில் தாமே எழுதியதாக மார்வின் ஃபிரே என்ற பாதிரியார் பின்னாளில் உரிமை கோரினார். 1926-ன் பதிவு அந்த உரிமைக்கு இடம் வைக்கவில்லை. 2017-ல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் இதைத் தன் வரலாற்றுப் பாடலாக அறிவித்தது.

இதை அறிந்துகொண்டு பாடினால் பாடும் விதமே மாறும். துன்பத்தில் இருப்பவர் கூப்பிடும் பாட்டு இது. கைதட்டி விளையாட்டாகப் பாடுவது அதற்குப் பொருந்தாது. மெட்டு மிக எளிது: முதல் வரி ‘ச க ப ப ப த த ப’. முழுப் பாட்டும் ச-வுக்கும் த-வுக்கும் இடையிலேயே நடக்கிறது. நிஷாதம் வராது. ஒவ்வொரு சரணத்திலும் ஒரே சொல் மாறும்: அழுகிறார், ஜெபிக்கிறார், பாடுகிறார். அந்தச் சொல்லைத் தலைவர் முந்தைய வரி முடியும் முன்பே பேச்சுக் குரலில் சொல்லிவிட வேண்டும். வரி தொடங்கிய பிறகு சொன்னால் பாதிக் கூட்டம் பழைய சொல்லைப் பாடும்.

கே: ‘மைக்கேல் ரோ த போட்’ பாட்டைக் கேட்டால் எங்கள் தாத்தா காலத்து ஏலேலோ மாதிரியே இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், காசிமேடு

ப: வம்சாவளிச் சம்பந்தம் கிடையாது. தொழில் சம்பந்தம் நிச்சயம் உண்டு. நீங்கள் கேட்டதில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில், தோட்டங்களுக்குப் போகவர இருந்த வழி படகுதான். துடுப்பு போட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் பாடியதை, உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்கே தோட்ட மேற்பார்வையாளராக இருந்த சார்லஸ் பிக்கார்ட் வேர் கேட்டு எழுதினார். ஆலன், வேர், லூசி மெக்கிம் காரிசன் மூவரும் சேர்ந்து 1867-ல் வெளியிட்ட அடிமைகளின் பாடல் தொகுப்பில் அது வந்தது. 136 பாட்டுகள் கொண்ட அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் வேர் சொன்ன குறிப்பு பொன் போன்றது. படகோட்டிகள் நிமிடத்துக்கு 16 முதல் 30 வரை துடுப்பு போட்டார்கள். சராசரி 24. ஒரு துடுப்புக்கு இரண்டு தாள அளவு. முதல் அளவின் அழுத்தம் துடுப்பு இழுக்கத் தொடங்கும்போது விழும். இரண்டாவதன் அழுத்தம், படகு விளிம்பின் கொண்டியில் துடுப்பு தடதடக்கும்போது விழும். வரியின் கடைசிச் சொல்லை அடுத்த துடுப்பு தொடங்கும் வரை நீட்டுவார்கள், அதனால் பாட்டு தாளத்துக்கு இம்மியளவு பின்னால் வருவது போலக் கேட்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 24 என்றால் ஒரு துடுப்புக்கு இரண்டரை விநாடி. ‘மைக்கேல்’ வரிக்கு ஒரு துடுப்பு, ‘அல்லேலூயா’வுக்கு ஒரு துடுப்பு என்று வைத்து, ஒரு துடுப்பை நான்கு தட்டாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 96 தட்டு. தாள வேகம் காட்டும் மெட்ரோனோம் ஆப்பில் 96 வைத்துப் பாடினால் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். கேம்ப் ஃபயரில் என்ன நடக்கிறது? நான்கு தட்டுக்கும் கைதட்டத் தொடங்குகிறார்கள், மூன்றாவது சரணத்துக்குள் 140-க்கு ஓடிவிடுகிறது. அது நிமிடத்துக்கு 35 துடுப்பு. அந்தப் படகோட்டிகளின் உச்ச வேகத்தையே தாண்டிவிடும். கைதட்டலை நிறுத்துங்கள். பிள்ளைகளை இரண்டு வரிசையாக உட்காரவைத்து, நடுவே ஒரு கயிறு கொடுத்து, வரிக்கு ஓர் இழுப்பு என்று இழுக்கச் சொல்லுங்கள். உடம்பு இழுக்கும்போது வேகம் தானாகக் கட்டுப்படும்.

நம் மீனவர்கள் பாடும் ஏலேலோ போன்ற அம்பாப் பாட்டிலும் இதே இயந்திரம்தான். கரைவலை இழுக்கும்போது தலைவர் வரி சொல்லும் நேரத்தில் கைகள் கயிற்றை மாற்றிப் பிடிக்கின்றன. கூட்டம் ‘ஐலசா’ என்னும்போது எல்லோருடைய பாரமும் ஒரே நொடியில் கயிற்றில் விழுகிறது. தலைவரின் வரி எதுவாகவும் இருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றியதைக்கூடக் கட்டிச் சொல்லலாம். ஐலசா மட்டும் இடம் மாறக் கூடாது. மாறினால் பாதிப்பேர் முன்னால் இழுப்பார்கள், பாதிப்பேர் பின்னால் இழுப்பார்கள், வலை நகராது. கட்டுமரமும் கரைவலையும் தெரிந்த பெரியவர்கள் உங்கள் குப்பத்தில் இருந்தால், அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடுங்கள். மெட்டைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையே இருக்காது.

கே: நாங்கள் பாட ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் கத்துகிறார்கள். தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?
– ஆசிரியை, தண்டையார்பேட்டை

ப: சுருதியை அதிகமாக வைத்துத் தொடங்குகிறீர்கள். திறந்தவெளியில் சுவர் இல்லாததால் நம் குரல் நமக்கே திரும்பி வராது. கேட்கவில்லையே என்று தொண்டையை அழுத்துவோம், அழுத்தினால் சுருதி ஏறும். முதல் வரியின் முதல் ஸ்வரத்தைப் பார்த்துத் தொடங்காமல், பாட்டின் உச்ச ஸ்வரம் எது, அடி ஸ்வரம் எது என்று பாருங்கள். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டை (மேற்கத்திய இசையின் C) ஷட்ஜத்திலிருந்து அதன் மேல் ஸ்தாயி ரிஷபம் வரை சுகமாக வரும்.

கும்பயாவும் மைக்கேலும் ச முதல் த வரைதான். 3 கட்டையில் வைக்கலாம். ‘ரோ ரோ ரோ யுவர் போட்’ முழு ஸ்தாயி ஏறுகிறது. அதை ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் வையுங்கள். ‘ஃப்ரெர் ஜாக்’ என்ற பிரெஞ்சுப் பாட்டு கீழே மந்தர பஞ்சமத்துக்கு இறங்குவதால் 4 கட்டை வேண்டும். தாழ்த்தி வைத்தால் கடைசி வரியில் குரலே இருக்காது. குரல் உடைந்த 13, 14 வயதுப் பையன்களைக் கீழ் ஸ்தாயியில் பாடவிடுங்கள், மேலே இழுக்காதீர்கள். போனில் சுருதிப்பெட்டி ஆப் போதும். தொடக்க ஸ்வரத்தைத் தலைவர் நான்கு விநாடி ‘ம்’ என்று பிடிக்க, கூட்டம் அதைத் திரும்பப் பிடித்த பிறகே பாட்டு.

கே: நான்கு குழுவாகப் பிரித்து ‘ஃப்ரெர் ஜாக்’ பாட முயன்றோம். கடைசியில் எல்லோரும் ஒரே வரியைப் பாடி முடிக்கிறார்கள். ரவுண்ட் பாட்டு நமக்கு வராதா?
– சாரணியர் பிரிவு, கொருக்குப்பேட்டை

ப: வரும். ஒரே மெட்டை ஒவ்வொரு குழுவும் சற்றுப் பிந்தித் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடுவதுதான் ரவுண்ட். அது ஏன் பொருந்துகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் எங்கே உடைகிறது என்பதும் புரியும்.

இந்தப் பாட்டில் நான்கு வரி, ஒவ்வொன்றும் நான்கு தட்டு, ஒவ்வொன்றையும் இருமுறை பாட வேண்டும். முதல் வரி ‘ச ரி க ச’. இரண்டாவது ‘க ம ப’, கடைசித் தட்டு நீட்டல். மூன்றாவதில் ‘பத பம’ என்று தட்டுக்கு இரண்டு ஸ்வரம், பிறகு ‘க ச’. நான்காவது ‘ச’, மந்தர ‘ப’, மீண்டும் ‘ச’. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் தட்டில் விழுபவை ச, க, ப, ச. மூன்றாம் தட்டில் க, ப, க, ச. ஒன்றோடொன்று இசையும் ஸ்வரங்கள் மட்டுமே பலமான தட்டுகளில் விழுகின்றன. இப்படிப் பாடும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே ஒரு கோடைக்காலப் பாட்டு இந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது. 1609-ல் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் இத்தகைய பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். மதுக்கடையிலும் வீட்டிலும் கூடியவர்கள் பாடியவை அவை. ஒரு மெட்டைக் கற்றாலே நான்கு குரல் இசை கிடைக்கும் என்பதுதான் அதன் சிறப்பு.

இனி பழுது. நம் பிள்ளைகள் ரிஷபத்தையும் காந்தாரத்தையும் அசைத்துப் பாடிப் பழகியவர்கள். தனியாகக் கேட்டால் அழகு, நான்கு குழுவில் மோதும். இந்தப் பாட்டுக்கு மட்டும் கமகம் இல்லாமல் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த பழுது, உரத்த குழுவைப் பார்த்து மற்றக் குழுக்கள் இழுபடுவது. குழுக்கள் வட்டத்தில் ஒன்றையொன்று பார்த்து நிற்கக் கூடாது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரை மட்டும் பார்க்க வேண்டும். கணீரென்ற குரல் உள்ளவர்களை நான்கு குழுவுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள்.

நாற்பது பேர் என்றால் முதலில் எல்லோரும் சேர்ந்து, தவறில்லாமல் மூன்று முறை. பிறகு இரண்டே குழு, இருபது இருபது பேர். முதல் குழு முதல் வரியை இருமுறை பாடி முடித்ததும், அதாவது எட்டாவது தட்டு முடிந்ததும், இரண்டாவது குழு நுழையும். அது நிலைத்த பிறகே நான்கு குழு. வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு. தாளத்தை ஒருவர் மட்டும் கஞ்சிராவிலோ தகர டப்பாவிலோ தட்டட்டும். எல்லோரும் தட்டினால் ஓடிவிடும். ஒவ்வொரு குழுவும் மூன்று சுற்று பாடி, நுழைந்த வரிசையிலேயே நிறுத்தட்டும். கடைசிக் குழு தனியாக முடிக்கும்.

தமிழில் ரவுண்ட் அமைக்க விரும்பினால் மோகன ராகத்தில் எட்டுத் தட்டு வரிகளாகக் கட்டிப் பாருங்கள். அரைச்சுர இடைவெளி இல்லாததால் எந்த இரண்டு ஸ்வரம் சேர்ந்தாலும் கடுமையாக உரசாது.

கே: புத்தாண்டு இரவில் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ மோகன ராகமா?
– வாசகர், புரசைவாக்கம்

ப: ச ரி க ப த ஐந்தும்தான் அதில் வருகின்றன. ஸ்வரங்கள் மோகனத்தின் ஸ்வரங்கள், ராக நடை கிடையாது. ஸ்காட்லாந்துக் கிராமிய மெட்டுகளில் ஐந்து ஸ்வர அமைப்பு சகஜம். வரிகளை ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் எழுதியனுப்பினார். இன்று பாடும் மெட்டோடு 1799-ல் அச்சானது.

கே: முகாம் முடிவில் பியூகிளில் வாசிக்கும் ‘டாப்ஸ்’ ஏன் அவ்வளவு கொஞ்ச ஸ்வரத்தில் இருக்கிறது?
– பள்ளி பேண்டு மாணவன், வண்ணாரப்பேட்டை

ப: பியூகிளில் வால்வு கிடையாது. குழாய் இயல்பாகத் தரும் ஸ்வரங்களை உதட்டின் இறுக்கத்தால் மட்டுமே மாற்றலாம். ‘டாப்ஸ்’ மந்தர ப, ச, க, ப என்ற நான்கிலேயே 24 ஒலிகளில் முடிகிறது. 1862 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தளபதி டேனியல் பட்டர்ஃபீல்ட் வர்ஜீனியா பாசறையில் இதை அமைத்தார். விளக்கணைக்கச் சொல்லும் ராணுவ அழைப்பு. வரிகள் பிறகு சேர்ந்தவை. வாசிக்கும்போது உச்ச பஞ்சமம் பிசிறினால் காற்றை அதிகமாக ஊதாதீர்கள். உதட்டு ஓரங்களை இறுக்குங்கள், ஊதுகுழலை உதட்டில் அழுத்துவதைக் குறையுங்கள்.

கே: ‘ஹம் ஹோங்கே காமியாப்’ நம் நாட்டுப் பாட்டுதானே? அதையும் அமெரிக்கா என்கிறார்களே!
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ஓட்டேரி

ப: ஐயா, இந்தி வரிகள் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூருடையவை. மெட்டும் கருத்தும் ‘வி ஷல் ஓவர்கம்’ பாட்டினுடையவை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதியைச் சேர்ந்த உங்களுக்கு அதன் கதை பிடிக்கும். கறுப்பினத் திருச்சபைகளில் பாடிய பழைய பாட்டு அது. 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மறியலில் பாடினார்கள். ‘நான்’ என்று இருந்தது ‘நாம்’ ஆனது. அவர்களிடமிருந்து ஹைலாண்டர் தொழிலாளர் பள்ளியின் ஜில்பியா ஹார்ட்டன் கற்றார், அவரிடமிருந்து பாடகர் பீட் சீகர் கற்றார். 1960-ல் கை காரவான் என்ற பாடகர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பள்ளிகளில் இதை அணிவகுப்பு வேகத்தில் முடுக்கிவிடுகிறார்கள். அது பாட்டின் பலத்தைக் குறைக்கிறது என்பது எங்கள் கருத்து. மறியல் வரிசையில் தோளோடு தோள் நின்று நிதானமாக நீட்டிப் பாடிய பாட்டு இது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் எல்லோரும் மூச்செடுக்க இடம் கொடுங்கள்.

கே: எங்கள் கல்லூரி முகாமில் கானா பாடினால் ‘இது கேம்ப் ஃபயர் பாட்டு இல்லை’ என்கிறார்கள்.
– மாணவர், வியாசர்பாடி

ப: தயங்காமல் பாடுங்கள். இரவில் கூடி உட்கார்ந்து, ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் கடைசிச் சொல்லில் சேர, கையில் கிடைத்ததைத் தட்டித் தாளம் போடும் மரபு வேறு எங்கே இருக்கிறது? கானாவைக் குறை சொல்பவர்கள் ‘சினிமா மெட்டைத் திருடுகிறார்கள்’ என்பார்கள். அமெரிக்காவில் ‘சகோதரரே, எங்களைச் சந்திப்பீரா’ என்ற ஜெபக்கூட்டப் பாட்டின் மெட்டில்தான் 1861-ல் படைவீரர்கள் ஜான் பிரவுன் பாட்டைக் கட்டினார்கள். 1862-ல் ஜூலியா வார்ட் ஹோவின் புகழ்பெற்ற போர்க் கீதம் அதே மெட்டில் வந்தது. இன்று உலகெங்கும் சாரணர்கள் அதே மெட்டில் வேடிக்கைப் பாட்டுகள் பாடுகிறார்கள். தெரிந்த மெட்டில் புது வரி வைப்பது எல்லா ஊரிலும் எளிய மக்களின் வழி.

கானாவின் வேர் இன்னும் ஆழமானது. ராயபுரத்தில் வாழ்ந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபையும் சித்தர்களையும் கானாப் பாடகர்கள் பலர் முன்னோடிகளாகச் சொல்கிறார்கள். இரண்டடிக் கண்ணி, ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளிச்சொல்லில் முடிவது என்ற அமைப்பைப் பாருங்கள். தாயுமானவரின் பராபரக் கண்ணியிலும் இதுவே உண்டு. கூட்டம் சேர வேண்டிய இடம் பாட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது.

முகாமுக்குப் புதிதாகக் கட்டுவதானால் வரிக்கு எட்டுத் தட்டு, இரண்டு வரி, கடைசி இரண்டு தட்டில் கூட்டம் சொல்லும் ஒரே சொல். எட்டுக் கண்ணிக்கு மேல் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: மரண கானாவை வேடிக்கைக்காகப் பாடாதீர்கள். ஒரு வீட்டின் துக்கத்துக்கென்று கட்டிய பாட்டு அது.

கே: திருவொற்றியூர்க் கடற்கரை ஓரம் முகாம். பறை அரை மணி நேரத்தில் ‘தொம் தொம்’ என்று ஆகிவிடுகிறது, கிடாரும் சுருதி இறங்குகிறது. ஏன்?
– இளைஞர் மன்றம், எர்ணாவூர்

ப: இரண்டும் வெவ்வேறு காரணம். பறையின் தோல் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துத் தளர்கிறது. கிடாரின் கம்பி தீயின் சூட்டில் நீண்டு தளர்கிறது.

பறையை வைக்கோல் அல்லது காகிதம் எரியும் சுவாலைக்கு நேரே, சுமார் இரண்டு அடி தள்ளி, தோல் பக்கம் காட்டிச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இடையிடையே விரலால் சுண்டிப் பாருங்கள். ஒலி கூர்மையானதும் எடுத்துவிட வேண்டும். கனல் மேல் நேராகப் பிடித்தால் விளிம்பு முதலில் காய்ந்து, அங்கே ஒட்டிய புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும். அல்லது சிண்டுக்குச்சி என்ற மெல்லிய குச்சி படும் இடத்தில் தோல் கிழியும். இரண்டு பறை வைத்துக்கொண்டு ஒன்று வாசிக்கும்போது ஒன்றைக் காய்ச்சுவதே நல்லது. ஃபைபர் தோல் போட்ட பறையை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. அது சுருங்கிக் கோணிவிடும்.

கிடாரைத் தீயிலிருந்து பத்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக வைத்து வாசியுங்கள். முகாம் இடத்துக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்த பிறகே சுருதி சேருங்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். வாசிக்காதபோது தீ பக்கம் சாய்த்து வைக்காமல் உறைக்குள் வைத்துவிடுங்கள். சூட்டில் பசை இளகினால் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவு புதுக் கம்பி விலையைப் போலப் பல மடங்கு ஆகும். கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க, முகாம் முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு உறையை மூடுங்கள்.